அறை வாடகை யாருக்குப் போகிறது?

போஸ்னியாவின் கிழக்கு எல்லையில், திரீனா ஆற்றங்கரையில் வீஷெகிராத் என்றொரு சிற்றூர். அங்கிருந்து வடகிழக்கே ஏழு கிலோமீட்டர் தொலைவில், காட்டுக்கு நடுவே, விலினா விலாஸ் என்ற வெந்நீரூற்று விடுதி இருக்கிறது. 2008 கோடையில் ஆஸ்திரேலிய நாடகக் கலைஞர் கிம் வெர்கோ அங்கே தங்கினார். வழிகாட்டி நூல் பரிந்துரைத்த இடம்தான். ஊர் திரும்பிய பிறகே, தான் படுத்து உறங்கிய கட்டடம் எது என்று அவருக்குத் தெரிந்தது. 1992இல் செர்பியத் துணைப்படையினர் அந்த விடுதியைத் தங்கள் தளமாக்கி, போஸ்னிய முஸ்லிம் பெண்களையும் சிறுமிகளையும் அதில் அடைத்துவைத்து வன்புணர்ந்தார்கள். அடைக்கப்பட்டவர்கள் 200 பேராவது இருக்கும் என்பது பாதிக்கப்பட்ட பெண்களின் அமைப்பு தரும் மதிப்பீடு. உயிரோடு வெளியே வந்தவர்கள் வெகு சிலர்.

வெர்கோ அதை ஒரு நாடகமாக்கினார். பிறகு போஸ்னிய இயக்குநர் யாஸ்மிலா ஜ்பானிச் 2013இல் அதைத் திரைப்படமாக எடுத்தார். வெர்கோவே தன் பாத்திரத்தில் நடித்தார். விடுதி மட்டும் மாறவில்லை. போர் முடிந்ததும் திறந்தார்கள், நீச்சல்குளத்தில் நீர் நிரப்பினார்கள், மூட்டுவலிக்காரர்களையும் உல்லாசப் பயணிகளையும் வரவேற்றார்கள். உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு கல்வெட்டுகூட வைக்கவில்லை. வீஷெகிராத்தில் நடந்த படுகொலைகளுக்காக, துணைப்படைத் தலைவன் மிலான் லூகிச்சுக்கு ஹேக்கில் இருந்த சர்வதேசப் போர்க்குற்ற நீதிமன்றம் 2009இல் ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால், குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லை. பின்னாளில் அதைச் சேர்க்க அரசுத் தரப்பு கேட்டபோது, காலம் கடந்துவிட்டது என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். நீதிமன்றம் பதிவுசெய்யாமல் விட்டதை விடுதிக்காரர் எதற்காகப் பதிவுசெய்யப் போகிறார்?

போரிலிருந்து மீளும் நாட்டுக்குச் சுற்றுலா போகலாமா என்று கேட்டால், ‘பாதுகாப்பாக இருக்குமா’ என்பதுதான் பொதுவாக எழும் முதல் ஐயம். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் ‘அடுத்தவர் துயரத்தை வேடிக்கை பார்ப்பது முறையா’ என்று கூடுதலாகக் கவலைப்படுவார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால், இவற்றைவிட முக்கியமான கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது, அந்தப் பணம் எந்தக் கதையை வாழவைக்கிறது என்பது அந்தக் கேள்வி. போர் முடிந்த நாட்டில் இரண்டு, மூன்று கதைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வருபவர் நுழைவுச்சீட்டு வாங்கும்போதும் அறை எடுக்கும்போதும் அவற்றில் ஏதோ ஒன்றுக்குக் காசு கொடுக்கிறார். தெரிந்து கொடுக்கிறாரா, தெரியாமல் கொடுக்கிறாரா என்பதுதான் வேறுபாடு.

போஸ்னியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே போர் முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 1992 ஏப்ரலில் தொடங்கிய சண்டை, 1995 டிசம்பரில் டேட்டன் உடன்பாட்டோடு நின்றது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். உடன்பாடு போரை நிறுத்தியது, நாட்டை ஒன்றாக்கவில்லை. போஸ்னியாக்குகள் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்களும் குரோவாட்டுகளும் பெரும்பான்மையாக உள்ள கூட்டமைப்பு ஒரு பகுதி, செர்பியர்களின் ‘ரெபுப்லிகா ஸ்ர்ப்ஸ்கா’ இன்னொரு பகுதி. குடியரசுத் தலைமையில் மூன்று பேர். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாற்பத்து மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள், 2013 கணக்கெடுப்பில் முப்பத்தைந்து லட்சமாகச் சுருங்கியிருந்தார்கள். செத்தவர்கள் போக, மற்றவர்கள் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சுவீடனுக்கும் போனவர்கள். இருப்பவர்களில் இளைஞர்கள் இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் சுற்றுலா ஆடம்பரத் தொழில் இல்லை. ஒரு இளைஞன் ஊரிலேயே இருந்து பிழைக்க அவனுக்குக் கிடைக்கும் சில வழிகளில் அதுவும் ஒன்று. ஆகவே, ‘போகாதீர்கள்’ என்று சொல்வது சுலபமான நல்லெண்ணம். அங்குள்ளவர்களுக்கு அதனால் காலணா பயன் இல்லை.

தலைநகரான சரயேவோவின் மக்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு அதிகம். 1993இல், நகரம் செர்பியப் படையின் முற்றுகைக்குள் இருந்தபோதே, ‘ஃபாமா’ என்ற குழு சரயேவோவுக்கு ஒரு சுற்றுலா வழிகாட்டி எழுதியது. உணவகங்களைத் தரம்பிரிக்கும் புகழ்பெற்ற மிஷ்லின் வழிகாட்டியின் சாயலில் அமைந்த நூல் அது. எங்கே தண்ணீர் பிடிக்கலாம், உதவிப் பொட்டலத்தில் வந்ததை வைத்து எப்படிச் சமைக்கலாம், எந்தச் சந்தியைக் கடக்கும்போது ஓட வேண்டும் என்பதையெல்லாம் உல்லாசப் பயணிக்குச் சொல்லும் தொனியிலேயே சொன்னார்கள். குண்டு விழும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ‘வாருங்கள், சுற்றிப்பாருங்கள்’ என்று உலகத்தைக் கூப்பிட்ட குசும்பு அது. உலகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, வரவில்லை என்பது அதற்குள் ஒளிந்திருந்த குத்தல்.

அந்தக் குத்தல் இன்றும் தெருவில் நிற்கிறது. முற்றுகைக் காலத்தில் வெளிநாட்டு உதவியாக வந்த டப்பா மாட்டிறைச்சியை நாய்கூடச் சீந்தாது என்பது ஊர்ப் பேச்சு. 2007இல் அந்த டப்பாவையே பெரிதாகச் செய்து, சர்வதேசச் சமூகத்துக்கு நன்றியுள்ள சரயேவோ குடிமக்களின் காணிக்கை என்று எழுதி வைத்தார்கள். தங்களைப் பற்றிப் பிறர் இரக்கத்தோடு எழுதுவதற்கு முன்னால், தாங்களே கேலியோடு எழுதிவிடுகிற மக்கள். இப்படிப்பட்டவர்களிடம் போய் ‘ஐயோ பாவம்’ என்ற முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும் பயணியைப் போல அபத்தமான ஆள் வேறு கிடையாது.

முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. 2012இல், அது தொடங்கிய இருபதாம் ஆண்டு நினைவாக நகரின் முதன்மைத் தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள், இறந்தவருக்கு ஒன்று வீதம். எறிகுண்டுகள் நடைபாதையில் ஏற்படுத்திய வடுக்கள் பலவற்றில் சிவப்புப் பிசின் ஊற்றியிருக்கிறார்கள். சரயேவோ ரோஜாக்கள் என்று பெயர். பலர் ஒரே இடத்தில் இறந்ததன் அடையாளம் ஒவ்வொன்றும். ஊர்க்காரர்கள் அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போகிறார்கள். 1994 பிப்ரவரியில் ஒரே குண்டில் 68 பேர் இறந்த மார்க்காலே சந்தையில் இன்றும் தக்காளியும் குடைமிளகாயும் விற்கின்றன. நினைவுச் சின்னத்துக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் நடுவே வேலி கிடையாது. வருகிறவர் எங்கே நின்று படம் எடுக்கிறோம் என்று பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தனி அறநூல் எதுவும் தேவையில்லை.

சரயேவோவில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு சுரங்கப்பாதைதான். நகரைச் சுற்றியிருந்த மலைகள் செர்பியப் படையிடம் இருந்தன. விமான நிலையம் ஐ.நா. படையிடம் இருந்தது. ஓடுபாதையைக் குறுக்கே ஓடிக் கடக்க முயன்றவர்கள் சுடப்பட்டார்கள். 1993இல், அந்த ஓடுபாதைக்கு அடியில் ஏறக்குறைய 800 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் தோண்டினார்கள். நிமிர்ந்து நடக்க முடியாத உயரம், ஒரு மீட்டர் அகலம். மாவு, மருந்து, துப்பாக்கி, காயம்பட்டவர்கள் என எல்லாமே அதன் வழியேதான் போய்வந்தன. சுரங்கத்தின் மறுவாய், புத்மிர் என்ற இடத்தில் கோலார் குடும்பத்தாரின் வீட்டுக்கடியில் திறந்தது. போர் முடிந்ததும் சுரங்கம் இடிந்து சரியத் தொடங்கியது. அரசு கண்டுகொள்ளவில்லை. அந்தக் குடும்பமே தன் வீட்டை அருங்காட்சியகமாக்கி, மிஞ்சிய இருபது மீட்டரைப் பராமரித்து, வந்தவர்களுக்குக் கதை சொன்னது. வெகுகாலம் கழித்துத்தான் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே போய்ச் சீட்டு வாங்கிய ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியும், ஓர் அரசு செய்யத் தவறிய வேலைக்கு ஊதியம் கொடுத்திருக்கிறார். சுற்றுலா நல்லது செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2017இல் திறக்கப்பட்ட போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகமும் இந்த வகைதான். முற்றுகையில் வளர்ந்த ஒருவர், தன் வயதையொத்தவர்களிடம் நினைவுகளைக் கேட்டுத் திரட்டியதில் தொடங்கியது. உள்ளே பீரங்கி கிடையாது, வரைபடம் கிடையாது. ஒரு பொம்மை, ஒரு நாட்குறிப்பு, ஒரு ஜோடி பாலே காலணி, அதன் பக்கத்தில் அதை வைத்திருந்தவர் சொன்ன சில வரிகள். மறுபக்கம், விருந்தினரைத் தரையில் படுக்கவைத்து, மின்சாரத்தை அணைத்து, குண்டுச் சத்தத்தை ஒலிபரப்பும் ‘வார் ஹாஸ்டல்’ என்ற விடுதியும் சரயேவோவில் இருக்கிறது. முற்றுகையை அனுபவித்த குடும்பமே நடத்துவதால் அதைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும், காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தெரிந்த ஒருவர் அந்த இரவில் எதைப் புரிந்துகொள்வார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பாதி நாளில் பார்த்த பாலம்

மோஸ்தார் நகரில் நடப்பது வேறு. நெரெத்வா ஆற்றின் மேல் ஒற்றை வளைவாக நிற்கும் பாலத்தை 1566இல் ஒட்டோமான் சிற்பி மிமார் ஹைருத்தீன் கட்டினார். 1993 நவம்பர் 9 அன்று குரோவாட் படைகளின் குண்டுவீச்சில் அது ஆற்றுக்குள் விழுந்தது. உலக வங்கியும் யுனெஸ்கோவும் பல நாடுகளும் கைகொடுக்க, பழைய முறையிலேயே கல் செதுக்கிக் கட்டி, 2004 ஜூலையில் திறந்தார்கள். மறு ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமானது. இன்று கோடைக்காலத்தில் குரோஷியக் கடற்கரையிலிருந்து, துப்ரோவ்னிக்கிலிருந்தும் ஸ்பிளிட்டிலிருந்தும், பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். பாலத்தின் மேலிருந்து குதிக்கும் இளைஞர்கள் தொப்பியை நீட்டிக் காசு சேர்த்து, தேறியதும் இருபது மீட்டருக்கும் கீழே உள்ள ஆற்றில் பாய்கிறார்கள். பக்கத்துக் கடைகளில் தோட்டாக் குழாயில் செய்த பேனாவும், எறிகணை உறையில் பூ வேலைப்பாடு செய்த குவளையும் விற்கின்றன. படம் எடுத்து, ஐஸ்கிரீம் தின்று, மாலைக்குள் பேருந்து ஏறிவிடுகிறார்கள். இரவுக்கு அறை எடுப்பதும், சாப்பிடுவதும், செலவழிப்பதும் குரோஷியாவில்.

அந்தப் பேருந்தில் திரும்புகிறவர் கையில் ஓர் அழகான கதை இருக்கும்: உடைந்த பாலத்தைக் கட்டினார்கள், பிரிந்த மக்கள் சேர்ந்தார்கள். கதையின் முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியைச் சோதித்துப் பார்க்க, பாலத்திலிருந்து பத்து நிமிடம் மேற்கே நடந்தால் போதும். போரில் முன்னரங்காக இருந்த பெருந்தெருவில் சன்னல்கள் இல்லாத கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. பழைய உயர்நிலைப் பள்ளி புதுப்பிக்கப்பட்டு, ஒரே கூரையின் கீழ் போஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோவாட் பிள்ளைகளுக்கு வேறொரு பாடத்திட்டம் என்று நடந்துவருகிறது. நகராட்சித் தேர்தலை எந்த முறையில் நடத்துவது என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகாமல், 2008க்குப் பிறகு 2020 டிசம்பர் வரை மோஸ்தாரில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. பாலத்தைக் கட்டச் செலவழித்த உலகம், பாலத்தின் இரு பக்கமும் இருந்த பள்ளிக்கூடங்களை அப்படியே விட்டுவிட்டது. கல்லை அடுக்கிவிடலாம், திறப்பு விழா நடத்தலாம், அஞ்சலட்டை அச்சிடலாம். பாடப்புத்தகம் அப்படி வசப்படாது.

இதற்குப் பயணியைக் குறைசொல்வது நியாயமா? ஓரளவு நியாயம்தான். மோஸ்தாரில் ஓர் இரவு தங்குகிறவர், காலையில் ரொட்டிக் கடையில் நிற்கும்போதும், ஜெஸ்வா என்னும் சிறு செம்புப் பாத்திரத்தில் வரும் காபியை மெதுவாகக் குடிக்கும்போதும் அந்த ஊரில் கொஞ்சம் காசும் விட்டுவைக்கிறார், கொஞ்சம் குழப்பமும் வாங்கிக்கொள்கிறார். அந்தக் குழப்பம் அழகான கதையைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு சொல்லைக் கல்லிலிருந்து பெயர்த்த ஊர்

வீஷெகிராத்துக்கும் ஒரு பாலம் உண்டு. மிமார் சினான் வடிவமைத்து 1577இல் முடித்த, பதினொரு வளைவுகள் கொண்ட கல் பாலம். இவோ ஆந்திரிச் அந்தப் பாலத்தைப் பற்றி நாவல் எழுதினார். 1961இல் நோபல் பரிசு பெற்றார். பாலம் 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நோபல் எழுத்தாளர், உலகப் பாரம்பரியச் சின்னம், பச்சை நிறத்தில் ஓடும் ஆறு: சுற்றுலாத் துறைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆற்றங்கரையில் திரைப்பட இயக்குநர் எமீர் குஸ்துரீத்சா ‘ஆந்திரிச்கிராத்’ என்று கல்லாலான ஒரு புது ஊரையே எழுப்பினார். 2014 ஜூன் 28 அன்று, முதல் உலகப் போருக்குக் காரணமான சரயேவோ துப்பாக்கிச்சூட்டின் நூற்றாண்டு நாளில், அது திறக்கப்பட்டது. திரையரங்கு, காபிக் கடை, சிலைகள், எல்லா நூற்றாண்டுகளின் கட்டடக் கலையும் உண்டு. 1992 மட்டும் இல்லை.

1992இல் அந்தப் பாலத்தின் மேல்தான் ஆட்களை நிறுத்திக் கொன்று ஆற்றில் தள்ளினார்கள். பியோனிர்ஸ்கா தெருவிலும் பிகாவாத்ஸ் பகுதியிலும் பெண்களையும் குழந்தைகளையும் வீட்டுக்குள் பூட்டி எரித்தார்கள். போருக்கு முன் அந்த வட்டாரத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். இன்று சிறு எண்ணிக்கையினர். 2010இல் அணையைப் பழுதுபார்க்க, திரீனாவின் பெருச்சாத்ஸ் நீர்த்தேக்கத்தை வடித்தபோது, சேற்றிலிருந்து எலும்புகள் கிடைத்தன. காணாமல்போனவர்களைத் தேடுகிறவர்கள் தண்ணீர் மறுபடி ஏறுவதற்குள் பொறுக்கியெடுக்க ஓடினார்கள். ஊரின் முஸ்லிம் இடுகாட்டில் உயிர் பிழைத்தவர்கள் எழுப்பிய நினைவுக்கல்லில் ‘இனப்படுகொலை’ என்ற சொல் இருந்தது. 2014 ஜனவரியில் நகராட்சி, காவல்துறைத் துணையோடு போய் அந்தச் சொல்லை மட்டும் கல்லிலிருந்து பெயர்த்தெடுத்தது. அதே ஆண்டு கோடையில்தான் ஆந்திரிச்கிராத் திறப்பு விழா. சுற்றுலாவும் மறதியும் ஒரே நகராட்சியின் இரண்டு வேலைகளாக நடந்த ஆண்டு அது.

மறைப்பது ஒரு தரப்பின் வழக்கம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சரயேவோவில் திரெபேவிச் மலைக்குப் போகும் கம்பிவட ஊர்தி போரில் அழிந்து, 2018 ஏப்ரல் 6 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது. பயணிகள் உச்சிக்குப் போய், 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டி இப்போது ஓவியங்கள் கிறுக்கப்பட்டுக் கிடக்கும் சறுக்குப் பாதையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே மலையில் கஸானி என்ற பள்ளம் இருக்கிறது. முற்றுகைக்குள்ளிருந்த நகரத்தைக் காத்த படையின் ஒரு பிரிவினரே, நகரில் வாழ்ந்த செர்பியக் குடிமக்கள் முதலானோரைக் கொண்டுபோய்க் கொன்று அதில் வீசினார்கள். அதற்கு ஒரு நினைவுச் சின்னம் வைக்க 2021 வரை ஆனது. வைத்தபோதும், கொன்றது யார் என்று அதில் எழுதவில்லை. நகர மண்டபமாக இருந்து தேசிய நூலகமான கட்டடம் 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்தது. இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த தமிழருக்கு அந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. சரயேவோ நூலக வாசலில் உள்ள பலகை ‘செர்பியக் குற்றவாளிகள்’ எரித்தார்கள் என்கிறது. குற்றவாளிகள் யார் என்பதில் ஐயமில்லை. ஆனால், முற்றுகைக்குள் நகரத்தோடு சேர்ந்து பட்டினி கிடந்த சரயேவோ செர்பியர்களும் உண்டு. அவர்கள் அந்தப் பலகையை எப்படிப் படிப்பார்கள் என்று ஒரு நொடி யோசிக்கத் தோன்றுகிறது.

இவையெல்லாம் சமம் என்று நான் சொல்லவில்லை. ஸ்ரெப்ரெனித்சாவில் 1995 ஜூலையில் சில நாட்களுக்குள் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை, சர்வதேச நீதிமன்றம் 2007இல் இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. அதற்கு இணையாக எதையும் நிறுத்த முடியாது. அவர்களுக்கான போதோச்சாரி நினைவகத்தில் வரிசை வரிசையாக வெண்கற்கள் நிற்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 அன்று, அந்த ஆண்டு அடையாளம் தெரிந்தவர்களைப் புதைக்கிறார்கள். கொன்றவர்கள் தடயத்தை மறைக்க இயந்திரங்களால் தோண்டி வேறு இடங்களுக்கு மாற்றிப் புதைத்ததால், ஒருவருடைய எலும்புகளே பல குழிகளில் கிடைத்தன. ஒரு கையெலும்பு போதுமா, மீதியும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா என்று தாய்மார் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு, அந்த நிலப்பகுதியை ஆளும் ரெபுப்லிகா ஸ்ர்ப்ஸ்காவின் தலைவர்கள் அது இனப்படுகொலை இல்லை என்று சொல்லிவருகிறார்கள். 2021இல் சர்வதேசச் சமூகத்தின் உயர் பிரதிநிதி, மறுப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று தன் அதிகாரத்தைக் கொண்டு சட்டத்தைத் திருத்தினார். மறுப்பு நின்றபாடில்லை.

மறுப்பு ஆட்சியில் இருக்கும் இடத்தில், வெளியூர்க்காரர் வந்து நிற்பதற்கே ஒரு மதிப்பு இருக்கிறது. நினைவகத்தின் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து கூடுவது, அங்கே இருபத்தைந்து ஆண்டுகளாக அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அற்பமான விஷயம் இல்லை. ஆனால், அதே ஆர்வத்தோடு உணவகத்தில் பரிமாறும் பையனிடம் ‘நீ எந்த இனம், உன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்பது வேறு. நினைவகத்தில் பேசுகிறவர் பேசுவதென்று தானே முடிவெடுத்தவர். பரிமாறும் பையன் சம்பளத்துக்கு வந்தவன். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு நல்ல டிப்ஸ் வைத்துவிட்டு எழுந்துவரலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்திருந்தால் அது அலங்காரம் இல்லை. போஸ்னியாவில் கண்ணிவெடி இன்னும் முழுவதும் அகற்றப்படவில்லை. 2014 வெள்ளத்தில் பல வெடிகள் இடமும் மாறின. பாதையை விட்டு இறங்காதீர்கள்.

நமக்கு எதற்கு இந்தப் பால்கன் கதை என்று கேட்கலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் பறக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. நல்லூரும் நயினாதீவும் கீரிமலையும் நம் பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் வரத் தொடங்கிவிட்டன. ஈழப்போர் முடிந்த மறு ஆண்டே, 2010இல் போக வேண்டிய இடங்களில் முதலாவது இலங்கை என்று நியூயார்க் டைம்ஸ் பட்டியலிட்டது. அந்த ஆண்டுகளில் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்த கூட்டம் கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியையும், புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலவறையையும் சுற்றிப்பார்த்தது. காட்டியவர்கள் இராணுவத்தினர், கதை சொன்னவர்களும் அவர்களே. 2013இல் அந்த நிலவறையை இராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது. கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் படைமுகாம் எழுந்தது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் செத்த மண்ணில் ஒரு பக்கத்தின் வெற்றித் தூண்களே நெடுஞ்சாலையோரம் நிற்கின்றன.

தங்குமிடங்களுக்கு வருவோம். காங்கேசன்துறைக் கடற்கரையில் உள்ள ‘தல்செவன’ விடுதியை நடத்துவது இலங்கை இராணுவம். காரைநகருக்கு அருகே கடற்கோட்டையை ஒட்டிய ‘ஹம்மன்ஹீல்’ விடுதியை நடத்துவது கடற்படை. அறைகள் சுத்தமாக இருக்கும், கடல் அழகாக இருக்கும். வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் எடுக்கப்பட்ட நிலத்தின் உரிமையாளர்கள் பல பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்தார்கள். ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, எல்லோருக்கும் இன்னும் கிடைக்கவில்லை. கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன் 2017 பிப்ரவரியில் பந்தல் போட்டு உட்கார்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்களில் பலர், பிள்ளைக்கு என்ன ஆனது என்று தெரியாமலே இறந்துபோனார்கள். கோயிலுக்குப் போகிற நம் பயணிகள் அந்தப் பந்தலைக் கடந்துதான் போனார்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் தாராளமாகப் போங்கள். அங்குள்ளவர்கள் நம்மை எதிர்பார்க்கிறார்கள், வியாபாரத்துக்காகவும் அதற்கு மேலும். ஆனால், பயண நிறுவனம் நீட்டும் பட்டியலில் அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: விடுதியை நடத்துவது யார், அது நிற்கும் நிலம் யாருடையது, உங்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி அந்த ஊர்க்காரரா. பதில் பிடிக்காவிட்டால், ஊருக்குள் வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விட்டிருக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே தங்குங்கள், வாடகையை அவர்கள் கையில் கொடுங்கள்.